வேகத்தை யார் அளக்கிறார்கள்?

ஹூண்டாய் கிரெட்டா என் லைன் என்ற காரின் விவரத்தாள் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். 1482 சிசி டர்போ பெட்ரோல் என்ஜின், நான்கு சிலிண்டர். 5500 சுற்றில் 160 பி.எஸ். சக்தி. 1500 சுற்றிலிருந்து 3500 சுற்று வரை 253 நியூட்டன் மீட்டர் டார்க். ஆறு கியர் மேனுவல் அல்லது ஏழு கியர் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். நீளம் 4330 மி.மீ., அகலம் 1790 மி.மீ., உயரம் 1635 மி.மீ. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 8.9 விநாடி என்பது நிறுவனம் சொல்லும் கணக்கு. 2024 மார்ச் 11 அன்று சந்தைக்கு வந்தபோது ஷோரூம் விலை 16.82 லட்சம் ரூபாயில் தொடங்கியது.

இந்தத் தாளில் பெண் என்ற சொல் இல்லை. ஆண் என்ற சொல்லும் இல்லை. எண்கள் மட்டும்தான். எண்ணுக்குப் பால் கிடையாது என்று நமக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் எதை அளப்பது, எதை அளக்காமல் விடுவது, அளக்கும்போது இருக்கையில் யாரை உட்காரவைப்பது என்று முடிவு செய்வது மனிதர்கள். அந்த முடிவுகளைத் தெரிந்துகொண்டால் விவரத்தாளும் ஒரு பிரதிதான். சிறுகதையையும் திரைப்படத்தையும் பெண்ணாக வாசிக்கப் பழகிய நாம் இதை மட்டும் ஏன் அண்ணனிடமும் கணவனிடமும் கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டும்? இந்தக் கட்டுரையில் ஒரு காரை அப்படி வாசித்துப் பார்க்கிறேன். வேகம் பெண்களுக்கு எதற்கு என்று கேட்பவர்களோடும் எனக்கு வழக்கு உண்டு. வேகத்தை ஆண்மையின் அடையாளமாக விற்பவர்களோடும் வழக்கு உண்டு.

முதலில் இந்தக் கார் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டையில், 1998 முதல் கார் தயாரித்துவரும் ஆலையிலிருந்து வருகிறது. அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடமும் இருக்கிறது. கார் செய்யும் இடமும் கார் சீறும் இடமும் ஒரே ஊரில். ‘என்’ என்ற எழுத்துக்கு நிறுவனம் இரண்டு விளக்கம் தருகிறது. ஒன்று, தென்கொரியாவில் அதன் ஆராய்ச்சி மையம் இருக்கும் நம்யாங். மற்றொன்று, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடம். வெளிநாட்டில் 2021இல் வந்த கோனா என் இந்தக் குடும்பத்தின் உண்மையான மூர்க்கம். சிறிய கிராஸ்ஓவர் உடலுக்குள் 2 லிட்டர் டர்போ என்ஜின், 280 பி.எஸ்., நூறைத் தொட 5.5 விநாடி. அது இந்தியாவுக்கு வரவில்லை. நமக்கு வந்தது ‘என்’ அல்ல, ‘என் லைன்’. அந்தக் குடும்பத்தின் சாயல் மட்டும் கொண்ட உறவுக்காரி.

இதை மறைக்க வேண்டியதில்லை. சாதாரண கிரெட்டாவின் விலையுயர்ந்த வகையிலும் இதே 160 பி.எஸ். என்ஜின் வந்தது. என் லைனில் கூடுதலாகக் கிடைப்பவை: அந்த என்ஜினோடு மேனுவல் கியர், சற்றே இறுக்கமான சஸ்பென்ஷன், கனமான ஸ்டீயரிங், 18 அங்குல சக்கரம், இரட்டைக் குழாய்ப் புகைபோக்கி, சிவப்புக் கோடு போட்ட கறுப்பு உள்புறம், உலோகப் பெடல்கள். அதாவது இங்கே விற்பனைக்கு இருப்பது கூடுதல் சக்தி அல்ல, குணம். ஓட்டுபவருக்கு வண்டி எப்படிப் பதில் சொல்கிறது என்பதுதான் அந்தக் குணம். அதற்கு வாகன விமர்சகர்கள் வைத்திருக்கும் சொற்கள்: ஆக்ரோஷம், கம்பீரம், மிரட்டல், முறுக்கேறிய உடல். ஒரு குடும்பக் காருக்கு மீசை வைக்கும் சொற்கள் இவை.

எனக்கு ஊர் மேல்மலையனூர். வேலை திண்டிவனத்தில். தோழி ஒருத்தி இந்தக் காரை மேனுவல் கியரில் வாங்கியபோது, ஓர் அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு செஞ்சி, வளத்தி வழியாக ஊருக்கு ஓட்டிப்போனேன். பந்தயத் தடத்தில் சோதித்து எழுதப்பட்ட விமர்சனங்கள் நிறைய உண்டு. இந்தச் சாலையில் வைத்து எழுதியதை நான் பார்த்ததில்லை.

திண்டிவனம்–செஞ்சிச் சாலையில் எதிரே வருபவை லாரி, அரசுப் பேருந்து, கரும்பு டிராக்டர், ஆட்டுக்கூட்டம், மணிலா மூட்டை ஏற்றிய குட்டியானை. செஞ்சியைத் தாண்டி வளத்திப் பக்கம் திரும்பினால் சாலை இன்னும் ஒடுங்கும். இருட்டிய பிறகு ஊருக்கும் ஊருக்கும் நடுவில் விளக்கு இருக்காது. இங்கே நூறைத் தொட எத்தனை விநாடி என்ற கேள்விக்குப் பொருளே இல்லை. யாரும் நின்ற இடத்திலிருந்து நூறுக்குப் போவதில்லை. ஐம்பதில் போய்க்கொண்டிருக்கும் பேருந்தை எப்படித் தாண்டுவது என்பதுதான் இந்தச் சாலையின் கேள்வி.

அதற்குக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மாணவிகள் இதை நோட்டில் போட்டுச் சரிபார்க்கலாம். பேருந்து மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகிறது. நீங்களும் அதே வேகத்தில் அதன் பின்னால். பேருந்தின் நீளம், உங்கள் காரின் நீளம், முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து, பேருந்தைவிட நீங்கள் 36 மீட்டர் கூடுதலாகப் போக வேண்டும். விநாடிக்கு விநாடி 1.4 மீட்டர் வேகம் கூட்டும் சிறிய காரில் இதற்கு 7.2 விநாடி ஆகும். 2.5 மீட்டர் கூட்டும் காரில் 5.4 விநாடி. எதிரே ஒரு லாரி 60 கி.மீ. வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் காருக்குக் காலியாக இருக்க வேண்டிய சாலை சுமார் 255 மீட்டர். இரண்டாவதற்கு 200 மீட்டர். எதிர்த்தடத்தில் இருக்கும் நேரம் இரண்டு விநாடி குறைகிறது. தேவைப்படும் சாலை ஐம்பது மீட்டருக்கு மேல் குறைகிறது.

சக்தி என்பதன் பயன் எனக்கு இங்கேதான் புரிகிறது. இது யாரையும் முந்திக் காட்டும் வீரம் இல்லை. ஆபத்தில் நிற்கும் நேரத்தைச் சுருக்கும் வசதி. தாண்டி முடிக்கும்போது வேகம் நூறை நெருங்கியிருக்கும். உடனே குறைக்க வேண்டும். நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் இருப்பது அதற்குத்தான். தாண்டலாம் என்பதும் தாண்டியே ஆக வேண்டும் என்பதும் வேறு வேறு. இந்த வித்தியாசம் தெரியாதவருக்கு 160 பி.எஸ். இருந்தும் பயனில்லை. நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் மிகப் பெரும்பான்மையினர் ஆண்கள். வேகத்தை ஆண்மையோடு கட்டிப்போட்டதற்கு ஆண்களும் உயிரால் விலை கொடுக்கிறார்கள்.

டார்க் என்ற சொல்லுக்கு நம் ஓட்டுநர்களிடம் நல்ல தமிழ் இருக்கிறது: இழுவை. சுழற்றும் விசை அது. அந்த வேலையை எவ்வளவு விரைவில் செய்து முடிக்கிறது என்பது சக்தி. கிணற்று ராட்டினத்தில் நிறைகுடத்தை மேலே கொண்டுவர வேண்டிய விசை இழுவை. நிமிடத்துக்கு எத்தனை குடம் என்பது சக்தி. இந்தக் காரில் முழு இழுவையும் 1500 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. அதனால் கியரைக் குறைத்து என்ஜினை அலறவைக்கத் தேவையில்லை. நான்காவது கியரிலேயே காலை மெல்ல அழுத்தினால் வண்டி முதுகைப் பிடித்துத் தள்ளுவதுபோல் முன்னால் போகிறது. விவரத்தாளில் வியப்பதற்குரிய எண் 8.9 என்று விமர்சகர்கள் நினைக்கிறார்கள். என் கணக்கில் அது 1500.

மேல்மலையனூர் கோயில் பக்கம் வண்டியை நிறுத்தியபோது, டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் பூ மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா கேட்டார்: “நீயாம்மா ஓட்டிக்கினு வந்த?” ஆமாம் என்றேன். காரை ஒரு சுற்று சுற்றிவந்தார். விலையைக் கேட்கவில்லை. “இழுவை எப்படி? ஆளு ஏறுனா மூச்சு வாங்குதா?” என்று கேட்டார். அவருடைய வண்டி இரண்டு மூட்டையோடு மேடு ஏறும்போது திணறும் விதத்தை வைத்து, எத்தனை மூட்டை ஏற்றலாம் என்று கணக்கு வைத்திருக்கிறார். சுமையேற்றிய நிலையில் இழுவை எப்படி என்பது எந்த விவரத்தாளிலும் இல்லாத கேள்வி. ஒற்றை ஆளை வைத்துச் சோதிக்கும் உலகத்துக்கு அது தோன்றாது. மூட்டையோடும் பிள்ளைகளோடும் போகிறவருக்கு அதுதான் முதல் கேள்வி.

பெண்களுக்கு எந்திரம் புரியாது என்ற பேச்சுக்கு இந்த ஓர் அம்மா போதும் என்றாலும், பொதுவரலாற்றிலும் சான்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அப்போது மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியதில் ஒரு தகவல் எனக்கு முக்கியமானது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டார்கள். சிலர் அதையே விரும்பினார்கள். இருக்கையிலிருந்து ஹேண்டில் வரை போகும் அந்தக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதுதான் காரணம். புடவை கட்டியவர் அந்தக் கம்பியைத் தாண்டி ஏறுவது கஷ்டம் என்று நினைத்து, தொழிற்சாலை அதை வளைத்து ‘பெண்களுக்கானது’ என்று பெயர் வைத்தது. பெண்களோ தங்கள் வாழ்க்கையை வைத்து அதே கம்பிக்கு வேறு பொருள் கண்டார்கள். விவரக்குறிப்பை வாசிப்பது என்றால் இதுதான்.

தொழிற்சாலைகள் பெண்களுக்கென்று செய்தவற்றைப் பாருங்கள். அமெரிக்காவில் 1955இல் டாட்ஜ் நிறுவனம் லா ஃபெம் என்ற காரை இறக்கியது. இளஞ்சிவப்பு நிறம், அதற்குப் பொருத்தமான கைப்பை, உதட்டுச்சாயப் பெட்டி, குடை. என்ஜினிலும் இருக்கையிலும் பெண்ணுக்கென்று எதுவும் யோசிக்கவில்லை. இரண்டு ஆண்டில் நின்றுபோனது. 2004இல் சுவீடனின் வால்வோ நிறுவனம் ஒய்சிசி என்ற மாதிரிக் காரைக் காட்டியது. அதை வடிவமைக்க முடிவெடுத்தவர்கள் எல்லாரும் பெண்கள். ஓட்டுபவரின் உடலை அளந்து, இருக்கையையும் ஸ்டீயரிங்கையும் பெடலையும் அதற்கேற்ப நகர்த்தும் ஏற்பாடு அதில் இருந்தது. குடுமி போட்டவர் தலை சாய்க்க இருக்கையில் பள்ளம்கூட வைத்தார்கள். அது விற்பனைக்கு வரவே இல்லை. உதட்டுச்சாயம் சாலைக்கு வந்தது. உடலளவு காட்சிக்கூடத்திலேயே நின்றது.

நம் அரசும் ஒரு விவரக்குறிப்பு எழுதியது. 2018 பிப்ரவரி 24 அன்று தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில், வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், எது குறைவோ அது மானியமாகத் தரப்பட்டது. கியர் இல்லாத வண்டி, என்ஜின் 125 சிசிக்கு மேல் போகக்கூடாது என்பது நிபந்தனையாக இருந்தது. அந்தத் திட்டத்தைக் குறைசொல்ல நான் வரவில்லை. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பேருந்து நேரத்துக்காகக் காத்திருக்காமல் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த வண்டியின் மதிப்பு தெரியும். ஆனால் ‘பெண்ணுக்குப் போதுமானது’ என்று ஒரு வரம்பு எத்தனை இயல்பாக எழுதப்படுகிறது என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன். கார் விற்பனைக்கூடங்களிலும் இதே குரல்தான். மேடத்துக்குச் சின்ன ஆட்டோமேட்டிக் போதும், பார்க்கிங் சுலபம். டர்போ, மேனுவல் என்று கேட்டால் “சார் ஓட்டுவாரா?” என்பார்கள். 1993இல் நாகர்கோவிலில் அரசுப் பேருந்து ஓட்ட வந்த வசந்தகுமாரியும், பைக்கிலும் காரிலும் பந்தயம் ஓட்டிய சென்னையின் அலிஷா அப்துல்லாவும் அந்த வரம்பைத் தாண்டியவர்கள். இருவரையும் விதிவிலக்கு என்று பாராட்டிவிட்டு விதியை அப்படியே வைத்துக்கொள்வதுதான் நம் வழக்கம்.

இப்போது இருக்கையில் யாரை உட்காரவைக்கிறார்கள் என்ற கேள்வி. கார் மோதல் சோதனைகளில் உலகெங்கும் அதிகம் பயன்படும் பொம்மை ஹைப்ரிட் 3 என்ற ஆண் அளவுப் பொம்மை. உயரம் 175 செ.மீ., எடை 78 கிலோ. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நம் பாரத் என்கேப் திட்டத்தின் முன்மோதல் சோதனையிலும் ஓட்டுநர், பக்கத்து இருக்கை இரண்டிலும் இந்த ஆண் அளவுதான். சிறிய பெண் பொம்மை என்று ஒன்று உண்டு. சுமார் 150 செ.மீ., 49 கிலோ. அமெரிக்கக் கணக்கில் மிகக் குட்டையான 5 சதவீதப் பெண்களுக்கான அளவு அது. பெரும்பாலும் ஆண் பொம்மையைச் சுருக்கிச் செய்தது. இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ. அங்கே ஓரத்தில் வைக்கப்பட்ட பெண்தான் இங்கே சராசரிப் பெண். அவர்களுக்கு விதிவிலக்காக இருக்கும் உடல் செஞ்சிப் பேருந்து நிலையத்தில் நிற்கும் எல்லாருடைய உடலும்.

இதன் விளைவு காகிதத்தோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், சீட் பெல்ட் போட்ட பெண் ஓட்டுநருக்கு, அதேபோன்ற விபத்தில் ஆணைவிடப் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு 47 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். 2019இல் அதே பல்கலைக்கழகத்தின் மற்றோர் ஆய்வு, முன்மோதல் விபத்துகளில் இது 73 சதவீதம் அதிகம் என்றது. சராசரிப் பெண் உடலை ஒத்த பொம்மையைச் சுவீடன் ஆய்வாளர் அஸ்ட்ரிட் லிண்டரின் குழு 2022இல்தான் அறிமுகப்படுத்தியது. கார் பிறந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. 1888இல் தன் இரண்டு மகன்களோடு முதல் நீண்ட கார் பயணத்தை ஓட்டிக்காட்டிய பெர்தா பென்ஸ் ஒரு பெண். அவர் உடலின் அளவுக்கு ஒரு பொம்மை வர இத்தனை காலம் ஆயிற்று.

என் உயரம் 153 செ.மீ. எந்த நிறுவனத்தின் காரில் ஏறினாலும் கிளட்ச்சை முழுதாக மிதிக்க இருக்கையை முன்னே இழுக்க வேண்டும். இழுத்தால் மார்பு ஸ்டீயரிங்கை நெருங்கும். மார்பெலும்புக்கும் ஏர்பேக் இருக்கும் ஸ்டீயரிங்கின் நடுவுக்கும் 25 செ.மீ. இடைவெளியாவது வேண்டும் என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு சொல்கிறது. விரியும் ஏர்பேக் அதற்குள் இருப்பவரை அறைந்துவிடும். ஆறு ஏர்பேக் என்ற எண்ணைப் பெருமையாக அச்சிடுகிறார்கள். என்னைப் போன்ற உயரத்துக்கு அந்த 25 செ.மீ. கிடைக்குமா என்பதை யாரும் அச்சிடுவதில்லை. சோதனை ஓட்டத்துக்குப் போகும் பெண் கைப்பையில் ஓர் அளவு நாடாவை வைத்துக்கொண்டு போகலாம். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

அடுத்தது பின் இருக்கை. காரின் ‘ஓட்டும் குணம்’ என்று எழுதும்போது ஓட்டுபவர் ஒருவரைத்தான் நினைக்கிறார்கள். நம் குடும்பங்களில் முன்னால் ஓட்டுபவரும் அவர் பக்கத்தில் உட்காருபவரும் பெரும்பாலும் ஆண்கள். பின்னால் மாமியார், மருமகள், மடியில் குழந்தை, காலடியில் பை. என் லைனின் டயர் அளவு 215/55 ஆர்18. இதைப் பிரித்துப் படிக்கலாம்: டயரின் அகலம் 215 மி.மீ.; பக்கவாட்டுச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம், அதாவது 118 மி.மீ.; சக்கரம் 18 அங்குலம். சாதாரண கிரெட்டாவின் 17 அங்குல வகையில் 215/60. பக்கவாட்டு ரப்பர் 129 மி.மீ. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மெத்தை குறைந்திருக்கிறது. வளைவில் வண்டி சாயாமல் கோடு பிடித்துப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். இறுக்கமான சஸ்பென்ஷனும் சேர்ந்து ஸ்டீயரிங் பிடித்தவருக்கு அது உண்மையான சுகம்; நானே அனுபவித்தேன். ஆனால் வளத்தி தாண்டிய வேகத்தடைகளில் அந்த ஒரு சென்டிமீட்டரின் கணக்கைப் பின்னால் இருந்த என் அம்மாவின் இடுப்பு தீர்த்தது. “வண்டி நல்லாத்தான் இருக்குது, கொஞ்சம் பாத்துப் போ” என்றார்.

முன்னிருக்கையின் சுகத்துக்குப் பின்னிருக்கை விலை கொடுக்கிறது. வீட்டின் மற்ற ஏற்பாடுகளும் இப்படித்தான் என்பதை இந்தத் தொகுப்பின் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதற்காக இறுக்கமான சஸ்பென்ஷன் தவறு என்று சொல்ல மாட்டேன். அந்த விலை எங்கோ எழுதப்பட வேண்டும் என்கிறேன். ‘செயல்திறன்’ என்ற தலைப்பின் கீழே பின்னிருக்கையின் நிலையும் ஒரு வரியாக வர வேண்டும்.

ஆக்ரோஷம் என்ற சொல்லுக்கு வருகிறேன். எங்கள் ஊர் அங்காளம்மன் உக்கிரமானவள். சிவனின் கையில் ஒட்டிய பிரம்மனின் கபாலத்தை அகற்றியவள் என்று கதை. மாசியில் மயானக் கொள்ளை நடக்கும். மாதந்தோறும் அமாவாசை இரவில் ஊஞ்சல் உற்சவம். அன்று சென்னை, புதுச்சேரி, திருவண்ணாமலை, விழுப்புரம் என்று எல்லாத் திசையிலிருந்தும் சிறப்புப் பேருந்து வரும். வந்து இறங்குகிறவர்களில் பெண்கள் ஏராளம். நள்ளிரவில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சாலையில் நடப்பார்கள், டீ குடிப்பார்கள், சாலையோரத்தில் துண்டை விரித்துப் படுப்பார்கள். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மறுநாள் இரவு அதே சாலையில் ஒரு பெண் தனியாகக் காரை நிறுத்தி டீ குடித்தால் பத்துக் கண்கள் திரும்பும். தெய்வத்துக்கு உக்கிரம் பெருமை, காருக்கு ஆக்ரோஷம் விற்பனைச் சரக்கு. காரின் முகப்பில் மட்டும் ரசிக்கப்படும் அந்தக் குணம், அதை ஓட்டும் பெண்ணிடம் தெரிந்தால் ‘திமிர்’ என்று பெயர் மாறுகிறது. முந்திப்போன வண்டியில் பெண்ணைப் பார்த்ததும் விரட்டிவந்து மீண்டும் முந்தும் ஆண்களை இந்தச் சாலையில் ஓட்டும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அவர்களுடைய வண்டி எத்தனை விநாடியில் நூறைத் தொடும் என்பதைப் பற்றி அவர்களுக்கே கவலை இருப்பதில்லை.

இருபது லட்ச ரூபாய் காரைப் பற்றி இங்கே எழுதுவது நியாயமா என்ற கேள்வி எழும். எழ வேண்டும். எங்கள் ஊரின் பெரும்பாலான பெண்கள் போகும் வண்டி அரசு நகரப் பேருந்து. 2021 மே 8 முதல் அதில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த ஒரு முடிவு நகரவைத்த பெண்களின் எண்ணிக்கைக்கு முன் எந்த டர்போவும் நிற்காது. இருந்தும் இந்தக் காரைப் பேசக் காரணம் உண்டு. பணம் கொடுத்து வாங்கும் உச்சத்திலேயே பெண்ணின் உடல் கணக்கில் இல்லை என்றால், இலவசமாக ஏறும் பேருந்தில் இருக்குமா? புடவையோடும் குழந்தையோடும் ஏறுபவருக்கு முதல் படி எட்டுகிறதா, குட்டையான பெண்ணின் கைக்கு மேல்கம்பி கிடைக்கிறதா என்பவை அதே கேள்விகள்தான். சென்னையில் 2024இல் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கியது தானாக நடக்கவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் போராடியவர்கள் நீதிமன்றம் வரை போய்ப் படியின் உயரத்தை உரிமைப் பிரச்சினையாக்கினார்கள். விவரக்குறிப்பு என்பது தொழில்நுட்பம் மட்டும் என்று அவர்கள் நம்பியிருந்தால் இன்றும் அந்தப் படி எட்டாமலே இருந்திருக்கும்.

ஆகவே இந்தக் காரைப் பற்றி என் தீர்ப்பு இது. கிரெட்டா என் லைன் அதன் பெயரில் இருக்கும் பந்தயத் தடத்துக்கு உரியது அல்ல. அதற்கான சக்தி அதனிடம் இல்லை. இரு வழிச் சாலையில் பாதுகாப்பாக முந்தவும், ஆள் நிறைந்த வண்டியை மூச்சு வாங்காமல் இழுக்கவும் தேவையான சக்தி நிறைய இருக்கிறது. கனமான ஸ்டீயரிங் என் கைக்குப் பாரமாக இல்லை. வேகத்தில் அது நம்பிக்கை தருகிறது. மேனுவல் கியரை மாற்றும் மகிழ்ச்சியைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. பெண்கள் காரைத் தேவைக்காக மட்டும் ஓட்டுகிறோம் என்று ஏன் நடிக்க வேண்டும்? செஞ்சிக் கோட்டை மலைகள் ஒரு பக்கம் விலகிப்போக, மூன்றிலிருந்து நான்குக்கு மாற்றும்போது வரும் அந்த இழுவை எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு வேறு நியாயம் தேவையில்லை.

அடுத்து கார் வாங்கப்போகும் பெண்ணுக்குச் சில வேலைகள் சொல்கிறேன். இருக்கையை உங்கள் காலுக்கு ஏற்ப நகர்த்திவிட்டு மார்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் இடையே அளந்து பாருங்கள். பெல்ட் கழுத்தை அறுக்கிறதா, தோளில் படிகிறதா என்று பாருங்கள்; அதன் மேல்முனையை இறக்க முடியுமா என்று கேளுங்கள். நீங்கள் வழக்கமாக உடுத்தும் உடையிலும் செருப்பிலும் கிளட்ச்சை மிதித்துப் பாருங்கள். ஐம்பதிலிருந்து எண்பதுக்குப் போக எத்தனை விநாடி என்று கேளுங்கள். நூறைப் பற்றி அவர்கள் தாங்களாகவே சொல்வார்கள். ஒருமுறை பின் இருக்கையில் உட்கார்ந்து, வேறொருவரை வேகத்தடையின் மேல் ஓட்டச் சொல்லுங்கள். முடிந்தால் இருட்டிய பிறகு ஓட்டிப் பாருங்கள்.

விற்பவருக்கு இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் இருக்கலாம். தெரியவில்லை என்று அவரைச் சொல்லவைப்பதும் ஒரு வேலைதான். பத்துப் பெண்கள் கேட்டால் அது தொந்தரவு. பத்தாயிரம் பெண்கள் கேட்டால் அடுத்த விவரத்தாளில் ஒரு வரி கூடும்.